முன்னே பின்னே பத்து வருஷம்

நான் முதன்முதலாகக் கண்ணாடி போட்டுக்கொள்ளப் போன அன்று, என் கண்ணைச் சோதித்துக்கொண்டிருந்த கடைக்காரர் பாதியில் எழுந்தார். என் மூக்கின்மேல் மாட்டியிருந்த சோதனைச் சட்டத்தைக் கழற்றித் தம் மூக்கில் மாட்டிக்கொண்டார். வாசலில் ஒருவர் கொண்டுவந்திருந்த துருப்பிடித்த கத்தியைப் பார்க்கப் போய்விட்டார். எனக்கு அப்போது முப்பத்தொரு வயது. காரைக்குடியில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் கணக்கு வாத்தியார். சுவரிலிருந்த எழுத்துப் பலகையில் நாலு வரி, பதினான்கு எழுத்து வாசித்து, எண்ணிக்கையையும் அவரிடம் சொல்லியிருந்தேன். ஐந்தாவது வரிக்காக இருபத்து மூன்று நிமிடம் காத்திருந்தேன். கடிகாரம் மங்கலாகத்தான் தெரிந்தது. ஆனால் அது டிக் டிக்கென்றதை எண்ணிக்கொண்டிருந்தேன்.

அவர் பெயரை எழுதப்போவதில்லை. அவர் மகள் இருக்கிறார். மகளின் புகுந்த வீட்டாரும் இருக்கிறார்கள். நான் கடைசியில் சொல்லப்போகும் ஓர் எண் அவர்கள் காதுக்குப் போனால் என்ன ஆகும் என்று எனக்கு இன்றைக்கும் கவலை. எனக்குக் கவலைப்பட வேறு விஷயங்களும் உண்டு. இது மூன்றாவது.

கத்தி கொண்டுவந்தவர் பழைய சாமான் வியாபாரி. மலேயாவிலிருந்தும் பர்மாவிலிருந்தும் திரும்பியவர்கள் வீட்டுப் பெட்டிகளைக் காலி செய்யும்போது மொத்தமாக வாங்குகிறவர். எல்லாரும் பாய் என்றே கூப்பிடுவார்கள்.

"என்னண்ணே, எத்தன வருசம் இருக்கும்?" என்று பாய் கேட்டார்.

"அறுவது. முன்னே பின்னே பத்து."

"நூத்தம்பதுன்னு சொன்னாகளே!"

"சொன்னவுகளுக்கு என்ன வயசு?"

"எழுவது இருக்கும்."

"அப்ப இந்தக் கத்தி அவுகளுக்குத் தம்பி. பொய்யா இருந்தாலும் மூத்தவுக சொன்னா கேட்டுக்கிற வேண்டியதுதான். எடுத்துட்டுப் போங்க."

பிறகு என் பக்கம் திரும்பினார். அந்த வட்டமான இரும்புச் சட்டத்தில் ஒரு கண்ணுக்கு மூன்று லென்ஸ் வீதம் சொருகியிருந்ததால் அவர் கண்கள் இரண்டும் இரண்டு முட்டைகள் போலத் தெரிந்தன. "பலகையில எத்தன எழுத்து வாசிச்சோம்னு எண்ணி வச்சிருக்கீகளே. இதுல வளவு எத்தனன்னு எண்ணுங்க பாப்போம்" என்று, பாம்புபோல் நெளிந்த அலகுள்ள அந்தக் கத்தியை நீட்டினார். கண் தெரியாத நான் விரலால் தடவி எண்ணினேன். பதின்மூன்று.

"எனக்கும் பதிமூணு" என்றார். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். "இந்தா பாருங்க வாத்தியாரே. வயசுன்னா முன்னே பின்னே உண்டு. எண்ணிக்கைக்கு முன்னே பின்னே கெடையாது. இனிமே நீங்க எண்ணுங்க, நான் வயசு சொல்றேன்."

எங்கள் சிநேகம் இப்படித்தான் ஆரம்பித்தது. கண்ணாடி மறுவாரம்தான் கிடைத்தது.

அவர் கடையில் கண்ணாடி போட்ட மேஜை ஒன்று உண்டு. மேல் தட்டில் மூக்குக் கண்ணாடிச் சட்டங்கள். கீழ்த் தட்டில் கத்திகள், பதினேழு. எல்லாம் பிலிப்பைன்ஸ் தேசத்துக் குத்துக்கத்திகள். வாலிபத்தில் பதினொரு வருஷம் போர்னியோவில், சண்டாக்கான் துறைமுகத்தில், ஒரு கடையில் கணக்கெழுதியவர் அவர். கடலுக்கு அந்தப் பக்கம் பிலிப்பைன்ஸின் சூலுத் தீவுகள். அங்கிருந்து படகில் வந்து முத்துச் சிப்பியும் உலர்ந்த மீனும் விற்பவர்களின் இடுப்பில் இந்தக் கத்திகள் இருக்கும். அவர்களோடு பேசிப் பேசிக் கத்திப் பைத்தியம் பிடித்துவிட்டது. ஊர் திரும்பும்போது மற்றவர்கள் பீங்கானும் சென்ட்டும் கொண்டுவந்தார்கள். இவர் நாலு கத்தி கொண்டுவந்தார். மீதிப் பதின்மூன்றும் காரைக்குடியிலேயே சேர்ந்தவை. செட்டிநாட்டுப் பெட்டிகளுக்குள் இல்லாதது எதுவும் இல்லை.

ஜாவாக் கத்தியும் மலாய்க் கத்தியும்கூட அவரிடம் வரும். பார்த்துவிட்டு மரியாதையாகத் திருப்பிக் கொடுத்துவிடுவார். "இது குத்தத்தான் ஆகும். நம்ம கத்தி குத்தும், வெட்டவும் செய்யும். அகலமா, கனமா இருக்கும். அலகையும் பிடியையும் சேத்துக் கவ்வுற மாதிரி ஒரு உலோகக் கொக்கி இருக்கும்" என்பார். 'நம்ம கத்தி' என்று அவர் சொல்வது சிவகங்கைக் கத்தி அல்ல, சூலுக் கத்தி. கேட்கிறவர்கள் முழிப்பார்கள்.

அவர் சட்டைப் பையில் எப்போதும் மூன்று சாமான் இருக்கும். ஒரு லென்ஸ், ஒரு காந்தத் துண்டு, ஓர் எலுமிச்சம்பழம். எலுமிச்சம்பழத்தைப் பார்த்துவிட்டு இவர் செய்வினை எடுக்கிறவர் என்று நினைத்துத் தேவகோட்டையிலிருந்து ஓர் அம்மாள் வந்து அழுதிருக்கிறார். இவர் அவருக்குக் கிட்டப்பார்வை என்று கண்டுபிடித்துக் கண்ணாடி போட்டு அனுப்பினார். கணவர் நடத்தை மேல் அந்த அம்மாளுக்கு இருந்த சந்தேகம் கண்ணாடி போட்டதும் தீர்ந்துவிட்டதாகச் சொன்னார்கள். எந்தப் பக்கமாகத் தீர்ந்தது என்று நான் கேட்கவில்லை.

பழம் எதற்கென்றால், பழைய கத்திகளின் அலகு பல இரும்புத் தகடுகளை மடித்து மடித்து அடித்தது. எலுமிச்சைச் சாறு பட்டால் மரத்தின் உள்வரி போல ரேகைகள் எழும்பிவரும். புதுக் கத்திக்கு ஒரே இரும்பு, ரேகை ஓடாது. இது ஓர் அடையாளம். இன்னொன்று நகத்தால் பார்ப்பது. பிடிக்குக் கீழே அலகு அகன்று, ஒரு பக்கம் யானைத் தும்பிக்கை மாதிரி சுருளும். பழைய கத்தியில் அந்த அகன்ற பகுதி தனித்துண்டு. அதற்கும் அலகுக்கும் நடுவே தலைமுடி போல ஓர் இணைப்பு ஓடும். பிற்காலத்தில் எல்லாவற்றையும் ஒரே துண்டாக அடித்துவிட்டு, பார்ப்பவர்களை ஏமாற்ற அந்த இடத்தில் ஆணியால் கோடு கிழித்துவிடுவார்கள். இவர் கண்ணை மூடிக்கொண்டு ஆட்காட்டி விரல் நகத்தை அந்தக் கோட்டில் இழுப்பார். இணைப்பா, கீறலா என்று நகத்துக்குத் தெரிந்துவிடும். அந்த ஒரு நகத்தை மட்டும் அவர் வெட்டுவதில்லை.

மூன்றாவது அடையாளம் வளைவு. "பழசு அடக்கமா நெளியும் வாத்தியாரே. புதுசுதான் நாலு பேரு பாக்கணும்னு நெளியும். கப்பல்ல வந்து எறங்குற வெள்ளக்காரனுக்கு விக்கிறதுக்காக வளைவ அள்ளி வச்சுருவான்" என்பார். கடையிலிருந்த பதினேழில் அவருக்குப் பிரியமானது ஓர் அசிங்கமான, நேரான, ஒரு சாண் கத்தி. பழத்தோல் சீவக்கூட லாயக்கில்லை என்று பாய் சொல்வார். நூற்றுப் பத்து வருஷம், முன்னே பின்னே பதினைந்து.

கத்தியோடு நிறுத்திக்கொண்டிருந்தால் அவரைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. அவரால் வயது சொல்லாமல் இருக்க முடியாது. காப்பிக் கடைக்குப் போனால் டம்ளருக்கு வயது சொல்வார். யார் வீட்டுக்காவது போனால் உட்காருவதற்கு முன் குனிந்து ஆத்தங்குடிக் கல் பதித்த தரையைத் தடவி, "மூணாவது வரிசையில ஆறு கல்லு மட்டும் பிந்தி மாத்துனது" என்பார். வீட்டுக்காரருக்கே தெரிந்திருக்காது. எங்கள் தலைமையாசிரியர் கண்ணாடிக்குப் போனபோது அவர் முகத்தை ஒரு நிமிடம் உற்றுப் பார்த்துவிட்டு, "சர்டிபிகேட்ல உள்ளதுக்கு மேல மூணு" என்று சொல்லியிருக்கிறார். பள்ளிக்கூடத்தில் போட்ட பிறந்த தேதியால்தான் அவருக்கு இன்னும் மூன்று வருஷம் உத்தியோகம் பாக்கியிருந்தது. தலைமையாசிரியர் அதன் பிறகு கண்ணாடியை மதுரையில் வாங்கினார். நான் கடைக்காரரின் சிநேகிதன் என்பதற்காக எனக்கு ஏழு வாரம் தொடர்ந்து கடைசி வகுப்பு போட்டார்.

இந்த வாயால் இவருடைய மகளுக்கு, தனம் என்று வைத்துக்கொள்வோம், வந்த சம்பந்தங்கள் இரண்டு போயின. முதலாவது கீழச்சிவல்பட்டிப் பக்கம். மாப்பிள்ளையின் தாயார் குத்துவிளக்கைக் காட்டி, "இது எங்க மாமியாருக்கு மாமியார் கொண்டாந்தது" என்றார். இவர் விளக்கைத் தலைகீழாகக் கவிழ்த்து நகத்தால் ஓர் இழுப்பு இழுத்தார். "ஆறு வருசம். முன்னே பின்னே ஒண்ணு." இலை போடாமலே அனுப்பிவிட்டார்கள்.

இரண்டாவது சம்பந்தத்தில் மாப்பிள்ளைக்கு முப்பத்தொன்று என்றார்கள். இவர் செய்தித்தாளை மாப்பிள்ளை கையில் கொடுத்தார். மாப்பிள்ளை அதைக் கை எட்டும் தூரத்துக்குத் தள்ளிப் பிடித்து வாசித்தார். "நாப்பத்தொண்ணு. முன்னே பின்னே ஒண்ணு. சாளேசுரம் ஆரம்பிச்சிருச்சு. கல்யாணத்த விடுங்க, மொதல்ல கண்ணாடி போடணும்" என்றார். அது உண்மைதான் என்று பிறகு தெரிந்தது. அந்தச் சம்பந்தம் போனதில் தனத்துக்கு வருத்தமில்லை.

மூன்றாவது சம்பந்தம் வந்தபோது தனம் நேரே என் வீட்டுக்கு வந்தார். சிவகங்கையில் ஒரு ஆபீஸில் டைப் அடிக்கும் வேலை அவருக்கு. மாப்பிள்ளை நாட்டரசன்கோட்டைக்குப் பக்கத்து ஊர், நிலபுலன் உள்ள குடும்பம், சிவகங்கையில் கூட்டுறவு சங்கத்தில் வேலை. பள்ளியில் என்னிடம் படித்தவன். இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில் போய்வருகிறவர்கள். அதற்கு மேல் எனக்குத் தெரியாது, நான் விசாரிக்கவில்லை.

"சார், எனக்கு இந்த எடம்தான் வேணும்" என்றார் தனம். "இது போனா இனிமே எனக்கு எதுவும் வேணாம்னு அம்மாகிட்டயும் சொல்லிட்டேன்."

"நல்ல இடம்தானே. என்ன பயம்?"

"அவுக வீட்டுச் சாமியறையில ஒரு கத்தி இருக்காம் சார். ஏழு தலமொறக் கத்தியாம்."

"நேரானதா, நெளிஞ்சதா?"

"நெளிஞ்சது."

நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். "உங்கப்பாவுக்குத் தெரியுமா?"

"சொல்லல. நீங்க கூடப் போங்க சார். அப்பா வாயத் தொறந்தா இருமுங்க. அம்மா வெத்தல மடிச்சு வச்சிருக்காக. வாய் நெறைய வெத்தல இருந்தா பேச முடியாதுல்ல?"

போகிற நாள் காலையில் பஸ் ஏறியதிலிருந்தே அவர் மனைவி வெற்றிலைச் சுருள்களாகக் கொடுத்துக்கொண்டு வந்தார். அந்த வீட்டு வாசலில் இறங்கும்போது மூன்றாவது சுருள் வாய்க்குள் இருந்தது. கன்னம் இரண்டும் உப்பி, அவர் நாதஸ்வரம் வாசிக்கிறவர் மாதிரி இருந்தார்.

மாப்பிள்ளையின் தகப்பனார் ஆறடி உயரம், மீசையும் குரலும் பெரிது. எழுபது வயதிலும் கண்ணாடி போடாதவர். போட்டால் கௌரவக் குறைச்சல் என்று நினைக்கிறவர். என்னைத் தூண் என்று நினைத்து ஒரு முறை சுற்றிப் போனார். அவருடைய தம்பி ஒருவர், உலகச் சண்டை முடிந்தபின் கப்பலில் ஊர் திரும்பியவர், ஓரமாக உட்கார்ந்திருந்தார். பேச்செல்லாம் சுமுகமாகப் போயிற்று. இவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். "சம்பந்தி ரொம்ப அடக்கமானவுகளா இருக்காக" என்று அந்த வீட்டுப் பெண்கள் பேசிக்கொண்டது என் காதில் விழுந்தது. முப்பத்தெட்டு நிமிடம் இப்படிக் கழிந்தது.

பிறகு எங்களைச் சாமியறைக்கு அழைத்துப் போனார்கள். பட்டப்பகலிலும் அங்கே விளக்கு வெளிச்சம்தான். பலகையின்மேல் கத்தி நட்டு வைத்திருந்தது. முனையில் எலுமிச்சம்பழம். பிடியின் அடியிலிருந்து பாதி அலகு வரைக்கும் சிவப்புப் பட்டுச் சுற்று, மீதியில் சந்தனம் குங்குமம். பிடி மட்டும் வெள்ளை வெளேரென்று மின்னியது.

"ஏழு தலமொற" என்றார் மாப்பிள்ளையின் தகப்பனார். "எங்க முப்பாட்டனுக்கு ராசா கையால குடுத்தது. வெள்ளிப் பிடி. வெள்ளின்னா கறுக்கணும்ல? இந்தா இன்னைக்கு வரைக்கும் ஒரு நாளு கறுத்ததில்ல. சாமியோட சக்தி!"

இவருடைய குரல்வளை மேலும் கீழுமாக மூன்று முறை போய்வந்தது. நான் முன்னெச்சரிக்கையாக இருமினேன். அவர் மனைவி நான்காவது சுருளை அவர் வாயில் திணித்தார்.

அந்த வீட்டில் ஒரு வழக்கம் இருந்தது எங்களுக்குத் தெரியாது. பெண்ணைக் கொடுக்கிறவர் அந்தக் கத்திமேல் கை வைத்து வாக்குச் சொல்ல வேண்டும். "ஏழு தலைமுறை கண்ட சாமி கத்திமேல் கை வைத்து என் மகளைத் தருகிறேன்" என்று வார்த்தை. இவர் வாய் நிறைய வெற்றிலையோடு பலமாகத் தலையாட்டினார்.

"தலையாட்டுனா செல்லாதுங்க. வாயால சொல்லணும். சாமி காதுல விழணும்ல?"

வேறு வழியில்லை. வெளியே போய்த் துப்பிவிட்டு, வாய் கொப்பளித்துவிட்டு வந்தார். அவர் மனைவி கண்ணை மூடிக்கொண்டார். இவர் கத்தியின்மேல் கை வைத்தார். வைத்திருக்கக் கூடாது. அந்த நகம் தானாகவே பட்டுத் துணியின் ஓரத்தில் நுழைந்தது. கோட்டைத் தேடிற்று. இழுத்தது.

"சொல்லுங்க. ஏழு தலமொற கண்ட..."

"ஏழு..." என்றார். நிறுத்தினார். நான் இருமினேன். "ஏழு..." மறுபடி இருமினேன். ஒன்பது முறை இருமினேன். யாரோ எனக்குத் தண்ணீர் கொண்டுவந்தார்கள்.

"ஏழு வேணாமுங்க" என்றார் கடைசியில், அழுகிற குரலில். "ஒண்ணுன்னு சொல்லிக்கிறேன். இருவத்து மூணு வருசம். முன்னே பின்னே ரெண்டு."

"என்ன சொன்னீக?"

அதன்பிறகு அவரை நிறுத்த என்னால் முடியவில்லை. சட்டைப் பையிலிருந்து லென்ஸ் வந்துவிட்டது. "ஐயா, கோவிக்காதீக. இது பிலிப்பைன்ஸ் கத்தி. நல்ல கத்திதான், புதுக் கத்தி. இந்தக் கோடு இணைப்பு இல்ல, ஆணியால கீறுனது. வருசக் கணக்கா எலுமிச்சம்பழம் குத்தியிருக்கீக, சாறு எறங்கியும் ஒரு ரேகை ஓடல பாருங்க. அலகு ஜீப்பு வில்லுப் பட்டையில அடிச்சது. பிடி வெள்ளி இல்லீங்க, அலுமினியம். சண்ட முடிஞ்சப்ப அந்தத் தீவுகள்ல விழுந்து கெடந்த ஏரோப்பிளேன வெட்டி உருக்கி ஊத்துவாக. அதான் கறுக்கல."

அறையில் பதினொரு பேர் இருந்தோம். மாப்பிள்ளையின் சித்தப்பா, அந்தக் கப்பலில் திரும்பியவர், மேலே உத்திரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். உத்திரத்தில் பார்க்க ஒன்றுமில்லை. நானும் பார்த்தேன்.

"ஏரோப்பிளேனா?" என்றார் பெரியவர் மெதுவாக.

"ஆமாங்க."

"பறந்ததா?"

"பறந்துதாங்க விழுந்துச்சு."

பெரியவர் மீசையைத் தடவினார். பிறகு சொன்னார்: "வயசு, வெள்ளி, அதெல்லாம் நாலு பேரு நாலு விதமாச் சொல்லுவாக. எங்க அப்பாரு எனக்குச் சொன்னது ஒண்ணே ஒண்ணு. சாமி கத்திக்கு ஒம்பது வளவு, ஒம்பது கிரகத்துக்கு. ஒம்பது இருந்தா இது எங்க சாமி. இல்லைனா எவனோ மாத்திப்புட்டான்னு அர்த்தம். மாத்துன கத்தி மேல வாக்கு வாங்க முடியாது. சொந்தக் கத்தி திரும்பி வர்ற வரைக்கும் இந்த வீட்டுல ஒரு நல்ல காரியமும் கெடையாது."

"இதுக்கு முன்னாடி எண்ணிப் பாக்கலியா?" என்று நான் கேட்டேன். கேட்காமல் இருந்திருக்கலாம்.

"சாமிய எவன்யா எண்ணுவான்?" என்றார். என் குரல் வந்த திசையில் திரும்பினார். "எம்மகன் ஒங்ககிட்ட படிச்சவன். எங்க வாத்தியாருக்கு எண்ணிக்க தப்பவே தப்பாதுன்னு சொல்லுவான். நீங்க எண்ணுங்க. நீங்க சொல்றதுதான் முடிவு."

பட்டுத் துணியை அவிழ்த்தார்கள். நான் முன்னால் போய் உட்கார்ந்தேன். பிடிப் பக்கத்திலிருந்து முனை வரைக்கும் விரல் வைத்து எண்ணினேன். பதினொன்று. முனையிலிருந்து பிடி வரைக்கும் எண்ணினேன். பதினொன்று. மறுபுறம் எண்ணினேன். வளைவு எண்ணுவதில் முதல் வளைவைச் சேர்ப்பதா வேண்டாமா என்று ஒரு தர்க்கம் உண்டு. அதைச் சேர்க்காமல் எண்ணினாலும் பத்து. எப்படி எண்ணினாலும் ஒன்பது வரவில்லை.

தனம் அந்த நேரம் காரைக்குடியில் வீட்டு வாசலில் நின்று பஸ் சத்தத்தையெல்லாம் கேட்டுக்கொண்டிருப்பார் என்று நினைத்தேன். எத்தனை பஸ் என்றும் கணக்குப் போட்டேன். அந்த வேளைக்கு நாலு.

"ஒன்பது" என்றேன்.

"ஒம்பதா?"

"ஒன்பது."

என் வாழ்க்கையில் நான் தெரிந்தே தப்பாகச் சொன்ன எண் அது ஒன்றுதான். சொல்லி முடித்த பிறகுதான் என் தோளுக்கு மேலே மூச்சுச் சத்தம் கேட்டது. இவர் குனிந்து, லென்ஸைக் கண்ணில் ஒட்டவைத்து, என்னோடு சேர்ந்து எண்ணியிருக்கிறார். நான் திரும்பிப் பார்த்தேன். வாயைத் திறந்தார். வெற்றிலையில் சிவந்த நாக்கு தெரிந்தது. தலைமையாசிரியர், குத்துவிளக்கு, செய்தித்தாள், எல்லாம் என் கண்முன் வந்து போயின. அவர் மனைவி ஐந்தாவது சுருளோடு பாய்ந்து வந்தார்.

தேவைப்படவில்லை. அவர் தாமாகவே வாயை மூடிக்கொண்டார். பல் மோதிய சத்தம் எனக்குக் கேட்டது.

"அப்பறம் என்ன?" என்றார் பெரியவர். "ஒம்பதுன்னா எங்க சாமிதான். ஏழு தலமொறைய இந்தத் தடவ விட்டுருவோம். சம்பந்திக்கு அது வாயில நொழையல. மிச்சத்தச் சொல்லுங்க." மாப்பிள்ளையின் சித்தப்பா உத்திரத்திலிருந்து கண்ணை இறக்கி, என்னைப் பார்த்துக் கும்பிட்டார். எதற்கு என்று அப்போது எனக்குப் புரியவில்லை. பிறகு கணக்குப் போட்டேன்: அவர் கப்பலில் திரும்பி இருபத்திரண்டு வருஷம் ஆகியிருந்தது.

திரும்பி வரும் பஸ்ஸில் இவர் தம் நகத்தையே பார்த்துக்கொண்டு வந்தார். டிக்கெட் கொடுக்க வந்த கண்டக்டருக்குக்கூட வயது சொல்லவில்லை. மறுநாள் கடைக்குப் போனேன். பாய் கொண்டுவந்திருந்த கத்தியை நீட்டி, "எண்ணுங்க" என்றார். ஏழு என்றேன். அவர் தாமும் ஒரு தரம் எண்ணிப் பார்த்தார். முன்பெல்லாம் அப்படிச் செய்ய மாட்டார்.

கல்யாணம் நடந்தது. எழுநூற்றுச் சொச்சம் பேர் சாப்பிட்டார்கள். சொச்சம் என்று எழுதக் கூச்சமாக இருக்கிறது, என்ன செய்வது, பந்தியில் யாரோ இரண்டு முறை உட்கார்ந்தார்கள்.

அதன்பிறகு என் கவலை பெருகியது. சாமி கத்தியின் பிடி ஏரோப்பிளேனில் செய்தது என்று பெரியவரே ஊரெல்லாம் பெருமையாகச் சொல்ல ஆரம்பித்தார். எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் அரபு நாட்டுக்கு வேலைக்குப் போக ஆரம்பித்திருந்த சமயம். ஒருவன் பாஸ்போர்ட்டைக் கொண்டுவந்து கத்தி முன்னால் வைத்துக் கும்பிட்டான். அவனுக்கு விசா வந்துவிட்டது. பிறகு கேட்க வேண்டுமா? வெள்ளிக்கிழமைதோறும் பாஸ்போர்ட்டுகள் வந்தன. ஒரு வெள்ளிக்கிழமை நான் போயிருந்தபோது பத்தொன்பது. இத்தனை பேர் வந்தால் ஒருவனாவது வளைவை எண்ணிவிட மாட்டானா என்று போகும்போதெல்லாம் அவர்கள் விரல்களையே பார்ப்பேன். மாப்பிள்ளை என்னிடம் படித்தவன், நன்றாக எண்ணத் தெரிந்தவன். அவன் ஏன் எண்ணவில்லை? அல்லது எண்ணிவிட்டானா? என்னைக் கண்டால் மட்டும் ஒரு மாதிரி சிரிப்பான்.

இவருக்கோ வேறு கவலை. "ஜப்பான்காரன் ஏரோப்பிளேன்னு சம்பந்தி ஊரெல்லாம் சொல்றாராம் வாத்தியாரே! அது அமெரிக்காக்காரன் அலுமினியம். எனக்குத் தூக்கம் வரல" என்பார்.

ஒரு விஷயம் மட்டும் எனக்கு விளங்கவில்லை. சம்பந்திக்கு எழுபத்திரண்டு வயதில் திடீரென்று கண்ணாடி போட்டுக்கொள்ள ஆசை வந்தது. நேரே இவர் கடைக்கு வந்தார். நான் அங்கேதான் இருந்தேன். இவர் கண்ணைச் சோதித்தார், பவர் எழுதினார், "பிரேம் வரணும் சம்பந்தி. ஒங்க முகத்துக்குப் பெரிய சைஸ் வேணும், மெட்ராஸ்லேருந்து வரணும்" என்றார். மறுமாதம் சம்பந்தி வந்தார். பிரேம் வரவில்லை. அடுத்த பொங்கலுக்கு வந்தார். வரவில்லை. யாருக்கும் பதினைந்து நாளுக்கு மேல் கண்ணாடியைத் தாமதிக்காத கடை அது. என்னுடையதே எட்டாம் நாள் கிடைத்தது. சம்பந்திக்கு நாலு வருஷமாக வரவில்லை. மேஜையின் மேல் தட்டில் பெரிய சைஸ் பிரேம்கள் ஆறு இருந்தன. நான் எண்ணியிருக்கிறேன்.

தனத்தின் இரண்டாவது குழந்தைக்குக் காது குத்து அந்த வீட்டுச் சாமியறையில்தான் நடந்தது. கத்திக்கு அபிஷேகம் செய்வதற்காகப் பட்டுத் துணியை அவிழ்த்திருந்தார்கள். குழந்தை ஒரு பக்கம் வீறிட்டு அழுதுகொண்டிருந்தது. மறுபக்கம் சம்பந்தி வந்தவர்களுக்கெல்லாம் கத்தியைக் காட்டி, "ஒம்பது வளவு! கணக்கு வாத்தியாரு எண்ணிச் சொன்னது!" என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். இருபத்தாறு பேர் கத்தியைப் பார்த்தார்கள். நான் இருபத்தாறு பேரையும் பார்த்தேன். யார் உதடாவது எண்ணுவதுபோல் அசைகிறதா என்று பார்த்தேன்.

அப்போது இவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு கத்திக்கு அருகில் போனார். பையிலிருந்து லென்ஸை எடுத்தார். பிடியிலிருந்து முனை வரைக்கும், அவசரமில்லாமல், ஒவ்வொரு வளைவாகப் பார்த்தார். தனம் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றார்.

லென்ஸைப் பையில் போட்டுவிட்டு என் பக்கத்தில் வந்து நின்றார். காதோடு கேட்டார்: "வாத்தியாரே, அன்னைக்கு எத்தன எண்ணுனீக?"

"ஒன்பது அண்ணே" என்றேன். இந்தத் தடவை இருமல் நிஜமாகவே வந்தது.

அவர் பையிலிருந்த எலுமிச்சம்பழத்தை எடுத்துக் குழந்தையின் கையில் கொடுத்தார். அது அழுகையை நிறுத்திற்று.

"ஒம்பது" என்றார். "முன்னே பின்னே ரெண்டு."